வெள்ளை ரவைக் கஞ்சியும் அம்மாவின் சிறுநீரகமும்

குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள் சர்க்கரை நோய் நுழைந்துவிட்டால் முதலில் மாறுவது இராச்சாப்பாடுதான். சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் பப்படமும் இருந்த இடத்துக்குக் கோதம்பு வந்துவிடும். சப்பாத்தி தேய்க்க ஆள் இருக்கும் வீடுகளில் சப்பாத்தி. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் உடைத்த கோதுமையில் வைத்த கஞ்சி. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு நீண்ட காலம் இந்த ஏற்பாடுதான் நடந்துவந்தது. கோதுமைக் குருணையைக் குக்கரில் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, உள்ளி (சின்ன வெங்காயம்) தாளித்து, பயறும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். நார்ச்சத்து உள்ளது, சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும் என்று மருத்துவரே பரிந்துரைத்த உணவு அது.

பிறகு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறத் தொடங்கியது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இறங்கி, பொட்டாசியமும் அளவுக்கு மிஞ்சி 5.6 என்று பரிசோதனைத் தாளில் வந்தபோது, நாகர்கோவிலில் சிறுநீரக மருத்துவர் எங்களை ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் அம்மாவின் இரவுக் கஞ்சியில் சேரும் ஒவ்வொரு பொருளையும் அளவோடு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு, கோதுமைக் குருணையை நிறுத்திவிட்டு வெள்ளை ரவையில் கஞ்சி வைத்துப் பாருங்கள், பாலும் பயறும் எவ்வளவு என்பதைப் பிறகு பேசலாம் என்றார்.

அம்மாவால் இதை ஏற்கவே முடியவில்லை. தீட்டாத அரிசி, தவிட்டோடு கூடிய கோதுமை, சீனிக்குப் பதில் கருப்பட்டி, காய்கறி வெந்த நீரைக்கூடக் கீழே கொட்டாமல் குழம்பில் சேர்ப்பது என்று தன் வாழ்நாளில் நல்லதென்று கற்றுக்கொண்ட அனைத்தையும் ஒரே நாளில் ஒருவர் தலைகீழாகப் புரட்டிவிட்டார் என்ற வருத்தம் அவருக்கு. "வெள்ளையா இருக்கதெல்லாம் விஷம்னு டிவியில சொல்லுகாவ, இந்த டாக்டரம்மா வெள்ளை ரவையத் தின்னச் சொல்லுகாவளே மக்ளே" என்று பேருந்தில் வீடு வந்து சேரும்வரை புலம்பிக்கொண்டு வந்தார். புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு எழுதப்பட்ட உணவுப் பட்டியலும் சிறுநீரக நோயாளிக்கு எழுதப்பட்ட உணவுப் பட்டியலும் பல இடங்களில் ஒன்றோடொன்று மோதும் என்பதை நம்மிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம்.

மோதலின் காரணம் கோதுமை மணிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கோதுமை மணியில் வெளியே தவிடு, ஓரத்தில் முளைக்கரு, நடுவில் மாவுப்பகுதி. பொட்டாசியமும் பாஸ்பரஸும் தவிட்டிலும் முளையிலும்தான் செறிந்திருக்கின்றன. ஆரோக்கியமான சிறுநீரகம் தேவைக்கு மிஞ்சிய இவ்விரண்டையும் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் முடியாதபோது அவை இரத்தத்தில் தேங்குகின்றன. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், சில நேரங்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே. பாஸ்பரஸ் மிகுந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கழன்று இரத்தக் குழாய்களில் படியும், உடம்பெல்லாம் அரிக்கும். நூறு கிராம் முழுக்கோதுமை மாவில் ஏறத்தாழ 360 மி.கி. பொட்டாசியமும் 350 மி.கி. பாஸ்பரஸும் இருக்கும் என்றால், தவிடும் முளையும் நீங்கிய ரவையில் அவை முறையே ஏறத்தாழ 190, 140 என்ற அளவுக்கு இறங்கிவிடுகின்றன. ஓட்ஸில் பொட்டாசியம் 430, பாஸ்பரஸ் 520 வரை போகும். கேழ்வரகிலும் பொட்டாசியம் 400க்கு மேல். விதைக்கும் நிலத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம், வரிசை மாறாது.

ஒரு வேளைக் கஞ்சிக்கு 30 கிராம் ரவை தாராளம். அந்தக் கணக்கில் பொட்டாசியம் 55 மி.கி., பாஸ்பரஸ் 40 மி.கி., புரதம் நான்கு கிராமுக்குள், சோடியம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் மில்லிகிராமுக்குள் பொட்டாசியத்தை அடக்கச் சொல்லப்பட்ட ஒருவருக்கு இது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு.

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்குள்ள சிறுநீரக உணவுப் பட்டியல்களை அனுப்பிவைத்தாள். அவற்றில் காலை உணவாக அடிக்கடி வந்த பெயர் 'க்ரீம் ஆஃப் வீட்'. 1893ஆம் ஆண்டு வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்னும் ஊரில், வியாபாரம் படுத்துக் கிடந்த ஒரு மாவு ஆலையில், கோதுமை அரைக்கும்போது பிரிந்து வரும் நடுப்பகுதிக் குருணையைக் கஞ்சிக்கென்று தனியாகப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியதில் பிறந்த பொருள் அது. படத்தைப் பார்த்த அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார்: "இது நம்ம ரவைதானே!" உண்மைதான், அடிப்படையில் நம் ரவைதான். இரண்டு வேறுபாடுகள் மட்டும் கவனிக்கத்தக்கவை. அந்தப் பெட்டிக் கஞ்சியில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள். கோட்டாறு கம்போளத்தில் நிறுத்து வாங்கும் ரவையில் அதை எதிர்பார்க்க முடியாது, ஆகவே இரத்தசோகைக்கு ரவையை நம்பக் கூடாது. அடுத்தது, சீக்கிரம் வேகும்படி செய்யப்பட்ட வகைகள் சிலவற்றில் டைசோடியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். தானியத்தில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற கட்டுக்குள் இருப்பதால் நம் குடல் அதில் பாதியைக்கூட உறிஞ்சுவதில்லை. உப்பு வடிவில் தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டையோ ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தக் காரணத்தால்தான் நம் கடைகளில் கிடைக்கும் உடனடி உப்புமா, உடனடிக் கஞ்சிப் பொட்டலங்களின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படிக்க வேண்டியிருக்கிறது. பொருள்பட்டியலில் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான பன்னாட்டு எண்) 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்களில் எது இருந்தாலும் அது பாஸ்பேட் வகை. 340 என்றால் பொட்டாசியமும் கூடவே வருகிறது. வெறும் ரவை வாங்கினால் படிக்க எதுவும் இல்லை.

ரவையின் கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. சிக்கல் அதன் பிறகு சட்டிக்குள் விழும் பொருள்களில் தொடங்குகிறது. நோயாளிக்குக் கஞ்சி என்றாலே நம் கை பாலைத் தேடிப் போகும். 200 மி.லி. பசும்பாலில் ஏறத்தாழ 300 மி.கி. பொட்டாசியமும் 180 மி.கி. பாஸ்பரஸும் உண்டு, அதாவது ஒரு வேளை ரவையில் உள்ளதைப் போல நான்கைந்து மடங்கு. தவிட்டை நீக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் ஒரு டம்ளர் பாலை ஊற்றினால் நீக்கியதைவிட அதிகமாகவே திரும்பச் சேர்த்துவிடுகிறோம். இனிப்புக் கஞ்சி பிடிக்கும் என்று கருப்பட்டியோ சர்க்கரையோ (எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம்) போட்டால் அதிலும் பொட்டாசியம் கணிசமாக உண்டு. வெள்ளைச் சீனியில் அது இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சீனி ஆகாது என்பதால் இனிப்புக் கஞ்சி என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) மசித்துச் சேர்ப்பது, பேரீச்சை போடுவது, முந்திரி அரைத்து விடுவது ஆகிய எல்லாமே இதே வழியில் வருபவை.

தேங்காய் விஷயத்தில் நான் ஆலோசகரிடம் கெஞ்சியே கேட்டேன். தேங்காய் இல்லாத கஞ்சியைக் குமரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்து நாள்தோறும் சாப்பிட வைப்பது நடக்கிற காரியமா? கெட்டித் தேங்காய்ப்பால் வேண்டாம் என்றார். ஒரு மேசைக்கரண்டி துருவல் போகட்டும் என்றார். ஐந்தாறு கிராம் துருவலில் 20 மி.கி. பொட்டாசியம்தான் வருகிறது. அந்த ஒரு கரண்டியால்தான் இந்தக் கஞ்சி எங்கள் வீட்டில் நிலைத்தது என்று துணிந்து சொல்வேன்.

வைக்கும் விதம் இதுதான். மூன்று மேசைக்கரண்டி ரவையை வெறும் சட்டியில், நிறம் மாறாமல் மணம் மட்டும் எழும்வரை சிறுதீயில் வறுத்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே சட்டியில் ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெயில் கடுகு, சீரகம், நான்கைந்து உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, 240 மி.லி. தண்ணீர் விட்டு, அது கொதிக்கும்போது தீயைத் தணித்து, இடது கையால் ரவையைத் தூவிக்கொண்டே வலது கையால் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். அந்தக் கட்டிக்குள் வேகாத ரவை வெள்ளையாக இருப்பதை அம்மா ஒன்றுவிடாமல் கண்டுபிடித்து ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். கஞ்சி சளசளவென்று கொதித்து, கரண்டியைத் தூக்கினால் அறுந்து விழாமல் வழியும் பதம் வந்ததும் இறக்கி, நல்லமிளகைத் தட்டிப் போட்டு, துருவலைத் தூவ வேண்டும். உப்பைக் கொதிக்கும்போது போடாமல் கடைசியில் மேலாகத் தூவினால் குறைந்த உப்பிலேயே நாக்குக்குச் சுவை தெரிகிறது. நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு மீதிக் குறையைச் சரிக்கட்டிவிடும். முதல் வாரங்களில் "இதில உப்பு கிடையாதா?" என்று தினமும் கேட்டவர், நாக்கு பழகிய பிறகு உறவினர் வீட்டுக் குழம்பைக் கரிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.

உப்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாள் ஒன்றுக்குச் சோடியம் இரண்டு கிராமுக்குள், அதாவது உப்பு ஐந்து கிராமுக்குள், ஒரு டீஸ்பூனுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கஞ்சிக்குப் போடும் கால் டீஸ்பூனே அதில் நான்கில் ஒரு பங்கு. இதற்கு மேல் ஒரு பப்படம் வைத்தால், அதில் உப்போடு பப்படக்காரம் என்னும் சோடியம் உப்பும் இருப்பதால் சோடியம் இரட்டை வழியில் வருகிறது. நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் வற்றல் ஆகிய கஞ்சிக்கென்றே பிறந்த துணைகள் எல்லாமே உப்பில் ஊறியவை. இவற்றை விட்டுவிட முடியாமல் இந்துப்புக்கு மாறுபவர்களைப் பார்க்கிறேன். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறத்தால் சிறுநீரகத்தை ஏமாற்ற முடியாது. இதைவிட ஆபத்தானது சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவது. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடை நிரப்பியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இத்தகைய மாற்று உப்புகளைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று மகனோ மருமகளோ ஆசையாக வாங்கிவரும் பொட்டலம் இது, கடைக்காரரும் தடுக்கமாட்டார்.

பயறு பற்றி அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. முப்பது கிராம் சிறுபயறில் ஏறத்தாழ 370 மி.கி. பொட்டாசியமும் ஏழு கிராம் புரதமும் உள்ளன. ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். இதை நான் விளக்கியபோது, "மரச்சீனிக் கிழங்கு மாதிரி" என்று அம்மாவே சட்டென்று பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் மரச்சீனியைத் துண்டு துண்டாக நறுக்கி, மூழ்க மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சாப்பிடுவது. கிழங்கின் கசப்புக்கும் அதிலுள்ள சயனைடு நஞ்சுக்கும் அஞ்சி முன்னோர் செய்த அதே வேலையைத்தான் இன்று சிறுநீரக உணவுப் பட்டியல்கள் காய்கறிகளுக்குச் சொல்கின்றன. புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் போன்றவற்றைச் சிறிதாக நறுக்கி வேகவைத்து வடித்து, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவரனாக வதக்கித் தருகிறேன். கஞ்சியில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. கஞ்சியில் தண்ணீரை வடிப்பதில்லை. கரைந்ததெல்லாம் உள்ளேயே இருக்கிறது. கோதுமைக் குருணையைத்தான் சாப்பிட வேண்டும் என்ற ஆசை வரும் நாளில், சோறு வடிப்பதுபோல நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து உப்புமாவாகக் கிளறுவது ஒரு வழி.

நோய்வாய்ப்பட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதையோடு வீட்டுக்குள் வந்தவை: இளநீர்க் குலை, சத்துமாவு, ஆரஞ்சு, மால்ட் பானப் பொடி. ஒரு குவளை இளநீரில் 600 மி.கி. வரை பொட்டாசியம் இருக்கும். சத்துமாவில் கேழ்வரகும் பயறும் கொட்டைகளும் சேர்ந்து அரைபடுவதால், ரவையில் நாம் ஒதுக்கியவை அனைத்தும் ஒரே டப்பாவில் அடங்கிவிடுகின்றன. கஞ்சிக்குப் பதில் இதைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அன்போடு வற்புறுத்துகிறவர்களிடம் காரணத்தை விளக்கிப் பயனில்லை என்று கண்டு, வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். கொல்லையில் காய்க்கும் பிலிம்பிக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பு குறையும் என்று அதன் சாற்றைக் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவுசெய்திருக்கிறார்கள். அதன் இனமான நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளின் மூளையையும் பாதிக்கக்கூடியது. கஞ்சிக்கு ஊறுகாயாகக்கூட இரண்டும் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, வெள்ளை ரவையைச் சிறுநீரக மருந்தாக யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. தவிடு இல்லாத ரவையால் சர்க்கரை வேகமாக ஏறும் என்பதும் உண்மை. ஆகவே அளவு முப்பது கிராமைத் தாண்டாமல், காய்கறித் துவரனோடு, இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டுதான் நாங்கள் இதைப் பின்பற்றுகிறோம். பொட்டாசியம் 3.5க்கும் 5க்கும் இடையில் ஒழுங்காக இருக்கும், நோயின் தொடக்க நிலையில் உள்ள ஒருவர் கோதுமைக் குருணையைக் கைவிட வேண்டிய தேவையே இல்லாமலிருக்கலாம். நார்ச்சத்து போனால் மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் குடல் வழியாக வெளியேறும் பொட்டாசியமும் குறையும். அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் எல்லாருக்கும் ஒரே தடைப்பட்டியல் என்ற பழைய முறையை விட்டு, அவரவர் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்ப அளவை மாற்றச் சொல்கின்றன. பாஸ்பரஸ் எந்த உணவிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்கின்றன. நம் ஊரில் ஒருவருக்குக் கொடுத்த தாளை நகலெடுத்துத் தெருவில் நான்கு பேர் பின்பற்றுவது சாதாரணமாக நடக்கிறது. எனக்குப் பிடிக்காத பழக்கம் இது.

எங்கள் உறவில் ஒரு மாமா டயாலிசிஸில் இருக்கிறார். அம்மாவின் கஞ்சி நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு அத்தை செய்முறையைக் கேட்டு வாங்கிப் போனார். அந்தக் கஞ்சி மாமாவுக்கு இரண்டு விதத்தில் பொருந்தாது. டயாலிசிஸுக்குப் போகாத, சர்க்கரையும் உள்ள அம்மாவுக்குப் புரதம் கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்றால், டயாலிசிஸில் புரதம் இழக்கும் மாமாவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. மேலும் சிறுநீர் குறைந்துபோன அவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான நீரே, வெளியேறும் சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ அரை லிட்டர் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிண்ணம் கஞ்சியிலேயே அந்த அரை லிட்டரில் பாதி முடிந்துவிடும். கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும் என்பதை அவர்கள் அதுவரை யோசித்திருக்கவில்லை. இப்போது அத்தை அதே ரவையைக் குறைந்த நீரில் கெட்டி உப்புமாவாகக் கிளறி, இறக்குமுன் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை உடைத்து ஊற்றிப் பிரட்டுகிறார். பாஸ்பரஸ் அதிகம் ஏறாமல் ஏழு கிராம் புரதம் அதில் கிடைத்துவிடுகிறது. மஞ்சள்கரு இரண்டும் பேரனுக்குப் போகிறது.